ஏழாவது ஆள்

கால்பந்து மைதானத்தில் பார்வையாளர் உட்காரும் காலரிப் படிகளுக்கு அடியில் ஓர் அறை இருந்தது. மேலே படிகள் இறங்கிக்கொண்டே வந்ததால் உள்ளே கூரையும் இறங்கிக்கொண்டே போனது. வாசலில் நிமிர்ந்து நுழைகிறவர் மேசையை அடைவதற்குள் தாமாகவே குனிந்துவிடுவார். குனியாதவர் நெற்றியில் ஒன்று வாங்கிக்கொண்டு பிறகு குனிவார். அறைக்குரியவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதுண்டு. எவ்வளவு பெரிய மனிதரும் தம்மிடம் தலைவணங்கித்தான் பேச வேண்டும் என்பார்.

அவரை எல்லாரும் லீக்காரர் என்றே அழைத்தார்கள். மின்வாரியத்தில் பார்த்த வேலையை உதறிவிட்டு, பதினாறு வயதுக்கு உட்பட்ட பையன்களுக்காக நாடு தழுவிய ஒரு கால்பந்து லீக்கைத் தொடங்கியே தீருவது என்று ஊர் ஊராக அலைந்தவர். பன்னிரண்டு ஊர்கள் இசைந்தன. முதல் சீசனும் தொடங்கியது.

பெரிய முதலாளிகளை நம்பித் தொடங்கிய லீக்குகள், முதலாளியின் மனம் மாறிய மறுநாளே மண்ணைக் கவ்வியதை அவர் கண்டிருந்தார். ஆகவே தம் லீக் சொந்தக் காலில் நிற்க ஒரு வழி செய்தார். வெளியூர் அணிக்கு விடுதி கிடையாது. உள்ளூர்ப் பையன்களின் வீடுகளில் தங்க வேண்டும். அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. கோல்கீப்பர் கோல்கீப்பர் வீட்டில், முன்வரிசைக்காரன் முன்வரிசைக்காரன் வீட்டில், தடுப்பாட்டக்காரன் தடுப்பாட்டக்காரன் வீட்டில். ஒரே பாயில் படுத்துத் தங்கள் வேலையின் சூட்சுமங்களைப் பேசிக்கொள்கிறவர்கள் அதில் தேறிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அது பலித்தது. தடுப்பாட்டக்காரர்களின் தாய்மார்கள் மட்டும், இந்த ஏற்பாட்டில் சோற்றுப் பானை தங்கள் வீட்டில்தான் சீக்கிரம் காலியாகிறது என்று குறைப்பட்டார்கள்.

நாட்டின் கால்பந்து சம்மேளனத் தலைவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். முதல் சீசனில் ஒரு போட்டியும் விடுபடாமல் நடந்து முடிய வேண்டும். ஒன்று விடுபட்டாலும் இரண்டாவது சீசனுக்கு அனுமதி இல்லை. லீக்காரர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். தாம் எழுதிய விதி ஒன்று அந்த நிபந்தனையின் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

அந்த விதி இதுதான். பெரிய கிளப்புகளின் பயிற்சி அகாடமி ஒரு பையனை எந்த நாளில் அழைத்தாலும் அவனை அன்றே விடுவிக்க வேண்டும். அழைப்பு லீக் அலுவலகத்துக்கு வரும். அலுவலகம் உடனே அதைப் பையனிடம் சேர்க்கும். இதைப் படித்தபோது கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். அவர் கண்களில் மட்டும் நீர் கோத்தது. அவருடைய பதினாறாம் வயதில் அப்படி ஓர் அழைப்பு அவருக்கும் வந்தது. கிளப் மேலாளர், இறுதிப்போட்டி முடியட்டும் என்று அதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார். போட்டி முடிந்தது, கோப்பையும் வந்தது, அழைப்பின் தேதி கடந்திருந்தது. அந்த மேலாளர் அவர் தோளில் கைபோட்டபடி நின்ற புகைப்படத்தை அவர் பிற்காலத்தில் கிழித்தெறிந்தார். கிழித்த பிறகும் தோளில் அந்தக் கை இருந்துகொண்டுதான் இருந்தது.

விதி தன் வேலையைச் செய்தது. அகாடமிகளின் தேர்வாளர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், அழைத்தார்கள். முதல் பையன் போன நாளில் லீக்காரர் ஊருக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். ஐந்தாவது பையன் போனபோது மனைவிக்கு மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு தொலைபேசி மணி அடித்தால், மிச்சமிருக்கும் பையன்களை ஒருமுறை எண்ணிவிட்டுத்தான் எடுத்தார்.

எறும்புகள் ஓடையைக் கடக்க ஒன்றின் காலை ஒன்று பற்றிக்கொண்டு, தங்கள் உடம்பாலேயே பாலம் கட்டினவாம். பாலம் அழகாக நின்றது. அதைக் கண்டு மகிழ்ந்த தலைமை எறும்பு, பலசாலிகள் முதலில் கடக்கட்டும் என்று உத்தரவிட்டதாம். பலசாலிகள்தான் பாலமாகவே நின்றுகொண்டிருந்தன என்பது தண்ணீரில் விழும்போதுதான் அதற்கு விளங்கியது. லீக்காரரின் நிலையும் அதற்குக் குறைந்ததல்ல. பையன்கள் போகப் போக அணிகள் மெலிந்தன. படுக்கை கொடுக்க வீடுகளும் குறைந்தன. வயதை மறைத்துப் பெரியவர்களை நுழைத்துவிடுவார்கள் என்று அஞ்சி, சீசன் நடுவில் புதுப் பையன்களைச் சேர்ப்பதையும் அவரே தடைசெய்திருந்தார்.

கடைசிப் போட்டி ஒன்று மிஞ்சியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, அதே மைதானத்தில், உள்ளூர் அணிக்கும் துறைமுக ஊர் அணிக்கும். களம் இறங்க ஏழு பேராவது வேண்டும் என்பது ஆட்டத்தின் சட்டம். வந்து சேரவிருந்த அணியில் எட்டுப் பேர் இருந்தார்கள். உள்ளூர் அணியில் சரியாக ஏழு பேர்.

வெள்ளிக்கிழமை மதியம் மணி அடித்தது. நாட்டிலேயே பெரிய அகாடமியிலிருந்து பேசினார்கள். அவர்களுக்கு வேண்டியது உள்ளூர் அணியின் கோல்கீப்பர். வெல்டிங் பட்டறைக்காரரின் மகன். நெடுநெடுவென்ற உயரத்துக்காகக் கொக்கு என்று பெயரெடுத்தவன். ஞாயிறு காலையில் தேர்வு. திங்கட்கிழமை அனுப்பலாமா என்று லீக்காரர் கேட்டுப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைதான் சார். அவன் வயசுக்கு இதுதான் கடைசித் தேர்வு" என்றது மறுமுனை. "முடியலைன்னா சொல்லிடுங்க, வேற பையனைப் பார்க்கிறோம். உங்க லீக்ல ஆளுக்கா பஞ்சம்?"

சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். அடுத்து சம்மேளனத் தலைவரை அழைத்து, ஒரே ஒரு புதுப் பையனைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டார். தலைவர் கோபிக்கவில்லை. அந்தத் தடையை எழுதியது யார் என்று மட்டும் விசாரித்தார். நான்தான் என்று சொல்லும்போது லீக்காரருக்கே தம் குரல் கேட்கவில்லை.

உள்ளூர் அணியின் பயிற்சியாளர் வேறு யாருமல்லர், லீக்காரரின் மனைவிக்குத் தம்பி. பள்ளி வேன் ஓட்டுகிறவர். மாலையில் வந்து, வழக்கம்போல் நெற்றியில் இடித்துக்கொண்டு, வழக்கம்போல் கூரையைத் திட்டிவிட்டு உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"அத்தான், ஒண்ணு சொல்றேன், அடிக்க வராதீங்க. அந்த போன் வரலைன்னு வச்சுக்குவோம்."

"வந்துடுச்சே மச்சான்."

"உங்களுக்கு வந்துச்சு. அவனுக்கு இன்னும் வரலையே."

மைத்துனர் விடவில்லை. ஒருத்தனுக்காக வரப்போகிற பையன்களின் வாழ்க்கையையெல்லாம் பலி கொடுப்பதா என்றார். அக்காவின் வளையல் போய், வேலை போய், அத்தானின் தலைமுடி போய் உருவான லீக் என்றார். கொக்கின் திறமைக்கு இன்னொரு அழைப்பு தானே தேடி வரும் என்றார். வராது என்பது லீக்காரருக்குத் தெரியும். தெரிந்தும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சறுக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது.

சனிக்கிழமை முற்பகல் அவர் பட்டறைக்காரரின் வீட்டுக்குப் போனார். சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் போனார். முன்னறையில் கொக்கு, வரப்போகும் துறைமுக ஊர்க் கோல்கீப்பருக்குப் படுக்கை விரித்துக்கொண்டிருந்தான். அவனும் உயரமானவன் என்று கேள்விப்பட்டு, கால் நீட்டுவதற்காக மெத்தையின் முனையில் ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் தலையணையை வைத்து, தானே படுத்து அளவு பார்த்தான்.

"பார்த்தீங்களா சார்" என்றாள் அவன் அம்மா. "வீட்டுல துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போட மாட்டான். கூட்டாளி வர்றான்னா மட்டும் முதுகு வளையுது."

பட்டறைக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கருகிய விரல்களைக் கோத்துக்கொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கேட்டுவிட்டார்.

"பையனுக்கு எதுனா தகவல் உண்டுங்களா சார்?"

வார்த்தை லீக்காரரின் நாக்கு நுனிவரை வந்தது. கொக்கு மெத்தையில் எழுந்து உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தான். அந்த முகத்தின் பின்னால் பன்னிரண்டு ஊர்களும் வரிசையாக நின்றன.

"நாளைக்கு நல்லா ஆடச் சொல்லுங்க" என்றார் அவர். "யாராவது பார்க்க வருவாங்க."

மாலையில் துறைமுக ஊர் அணி வந்து இறங்கியது. பையன்கள் அவரவர் வீட்டுக்குப் பிரிந்து போனார்கள். லீக்காரர் அறைக்குத் திரும்பி உட்காரும் முன்பே மணி அடித்தது. அகாடமிதான். கொக்கு விஷயத்தில் பதில் வராததால் அவனை விட்டுவிட்டதாகவும், அதே போட்டிக்கு வந்திருக்கும் துறைமுக ஊர்க் கோல்கீப்பரை உடனே பேருந்தேற்றும்படியும் சொன்னார்கள். அந்த அணியில் எட்டுப் பேர். ஒருவன் போனாலும் ஏழு பேர் மிஞ்சுவார்கள், போட்டி நடக்கும். இப்போது விதியை மதிப்பதில் லீக்காரருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

மதித்தார். அதே தெரு, அதே வீடு, அதே நாற்காலி. விருந்தாளிப் பையன் முக்காலிமேல் கால் நீட்டிப் படுத்திருந்தான். செய்தியைக் கேட்டதும் எழுந்து நின்றவன் அழுதுவிட்டான். அவனைக் கட்டித் தூக்கிச் சுற்றியது கொக்குதான். பிறகு அவனுடைய பையைத் தானே கட்டினான். விருந்தாளியின் கையுறைகள் இரண்டும் கிழிந்திருப்பதைக் கண்டு, தன் கையுறைகளை எடுத்து உள்ளே திணித்தான்.

"நாளைக்கு நீ என்னடா பண்ணுவ?" என்று கேட்டான் மற்றவன்.

"எனக்கு நாளைக்கு வெறும் மேட்ச்தானேடா. உனக்குத்தான் பரீட்சை."

வாசல்வரை வந்து லீக்காரரை வழியனுப்பும்போது கொக்கு மெல்லிய குரலில் கேட்டான். "இவனுக்கு வந்த மாதிரி எனக்கும் வரும்ல சார்?"

அவர் தலையை அசைத்தார். அந்த அசைவை ஆம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். பையன் ஆம் என்று கொண்டான்.

ஞாயிறன்று ஏழு பேருக்கு எதிராக ஏழு பேர் ஆடினார்கள். அவ்வளவு பெரிய மைதானத்தில் பையன்கள் சிதறிய காய்களைப் போலத் தெரிந்தார்கள். கொக்கு வெறுங்கையோடு நின்றான். மழை பெய்து பந்து ஊறிக் கனத்திருந்தது. ஒவ்வொரு முறை பிடித்த பிறகும் அவன் உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டான். ஒரு கோலும் விடவில்லை. ஒவ்வொரு இடைவெளியிலும் காலரிப் பக்கம் திரும்பி, பார்க்க வந்தவர் யார் என்று தேடினான். காலரியில் சம்மேளனத் தலைவரும் சில பெற்றோரும்தான் இருந்தார்கள்.

நடுவர் கடைசி விசிலை ஊதினார். சீசன் ஒரு போட்டியும் விடுபடாமல் முடிந்தது. மைத்துனர் ஓடிவந்து லீக்காரரைத் தழுவிக்கொண்டார். தலைவர் இறங்கி வந்து கைகுலுக்கி, இரண்டாவது சீசன் உண்டு என்று அங்கேயே அறிவித்தார். புகைப்படக்காரர் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார். படம் எடுத்து முடிந்த பிறகுதான் லீக்காரர் பார்த்தார்: தம் கை கொக்கின் தோளில் கிடந்தது. எப்போது போட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. நெருப்பைத் தொட்டவர்போல எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தலைவர் அவரை அழைத்துப் பாராட்டினார். சீசன் நடுவில் அணிகள் கலைந்துபோகும் ஆபத்தைப் பற்றிப் பேசினார். இனி அகாடமி அழைப்புகளை அலுவலகமே வைத்திருந்து, சீசன் முடிந்த பிறகு பையன்களிடம் கொடுக்கட்டும் என்று யோசனை சொன்னார். லீக்காரர் மறுக்க வாயெடுத்தார். மறுக்கும் தகுதி தமக்கு இல்லை என்பது உடனே நினைவுக்கு வந்தது. புதிய விதியைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை. அதைப் பற்றி வீட்டில் மனைவியிடம் சொல்ல முயன்று, சொல்லாமலே விட்டார்.

இரண்டாவது சீசனுக்குப் புதுக் கோல்போஸ்ட்டுகள் தேவைப்பட்டன. உள்ளூரில் அந்த வேலைக்கு ஒரே பட்டறைதான். முடிந்ததா என்று பார்க்க லீக்காரர் போனபோது, முகத்தில் கண்ணாடி மறைப்போடு ஒரு நெடிய உருவம் குழாய்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தது. கொக்குக்குப் பதினாறு முடிந்திருந்தது. இனி லீக்கில் அவனுக்கு இடமில்லை.

அவன் மறைப்பைத் தூக்கிச் சிரித்தான். குறுக்குக் கம்பியின் உயரம் சரிதானா என்று கேட்டு, தானே அதன் அடியில் போய் நின்று, கையை உயர்த்திக் காட்டினான். விரல்களில் புதிய தீக்காயங்கள் இருந்தன. துறைமுக ஊர்க்காரன் அகாடமியில் சேர்ந்துவிட்டதாகவும், அந்தக் கையுறைகளைத்தான் இன்னும் போடுவதாகவும் சொன்னான். பிறகு, வெகுநாளாக யோசித்து வைத்திருந்ததுபோல நிதானமாகக் கேட்டான்.

"சார், அப்போ எனக்கு ஒரு போன்கூட வரலையா?"

பட்டறைக்காரர் உள்ளே கடைசல் இயந்திரத்தை நிறுத்தினார். அவரும் பதிலுக்காகத்தான் நிறுத்தினார்.

"வரலப்பா" என்றார் லீக்காரர்.

பையன் தலையசைத்துவிட்டு மறைப்பை இறக்கிக்கொண்டான். பட்டறையின் கூரை நல்ல உயரம். ஆனாலும் லீக்காரர் குனிந்தபடியே வெளியே நடந்தார்.