வேலிக்கு அந்தப் பக்கம்

சக்கர நாற்காலி சரளைக்கல்லில் சிக்கிக்கொண்டது. ரெகுலா குனிந்து கல்லை எடுத்துப் போட்டாள். தம்பி ரெட்டோ உதவிக்கு வரவில்லை. ஒரு பூவின் முன் நின்று அதன் பெயர்ப்பலகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். ஜூரிச்சிலிருந்து மலைரயில் ஏறி வந்தவனுக்கு, அம்மாவுக்கே மலையைப் பற்றிப் பாடம் நடத்தும் துணிச்சல் எங்கிருந்துதான் வருமோ!

அம்மா எல்ஸ்பெத் கோடைதோறும் இதே மலையில் மாடு மேய்த்துக் கிழவியானவள். டாக்டர் கைவிரித்தபின் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மாடுகள் மேய்ச்சலுக்கு மேலே வரும் நாளில் அவற்றைப் பார்க்க வேண்டும். மகன் அந்த நாளில்தான் கூட்டிவந்தான், ஆனால் மலைப்பூந்தோட்டத்துக்கு. மாடு நாறுமாம்.

"பூவுக்குப் பேர் எழுதி நட்டு வச்சிருக்கானுங்க, கல்லறையாட்டம்," என்றாள் எல்ஸ்பெத். "வேலிகிட்ட தள்ளுடி. மணிச் சத்தம் கேக்குது."

"அம்மா, இரு. இது ஜென்ஷியன். என்ன நீலம் பாரு!"

"இதை மிதிச்சு நடந்துதான்டா உன்னை வயித்துல சுமந்தேன்."

"அக்கா, முதல்ல முழுசா சுத்திடலாம். பாறைப் பக்கம் இன்னும் பாக்கவே இல்ல."

ரெகுலா வழக்கம்போல் அவன் சொன்ன பக்கமே தள்ளினாள். அவன்மேல் இருந்த இளப்பத்தில் பாதி தன்மேலும் அவளுக்கு இருந்தது.

பாறைப் பக்கம் போனபோது அம்மாவின் தலை சரிந்தது. ரெகுலா கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். மூக்கருகே விரல் வைத்தாள். மறுபடியும் கழுத்தைத் தொட்டாள்.

ரெட்டோ மனைவியுடன் போனில் இருந்தான். "அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல, தெரியுமா?"

ரெகுலா நாற்காலியைத் திருப்பினாள். புல்தரையில் பாத்திகளுக்கு நடுவே நேராக வேலியை நோக்கித் தள்ளினாள்.

"அக்கா! அது வழியில்ல! பூ நசுங்குது பாரு!"

வேலிக்கு அப்பால் மாடுகள் வந்துவிட்டிருந்தன. ரெகுலா அம்மாவின் கையைத் தூக்கி, வேலியின் மரக்கட்டைமேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். உள்ளங்கையில் உப்பு வைத்துத்தான் இங்கே மாட்டைக் கூப்பிடுவார்கள். உப்பில்லாத அந்தக் கையைப் பழுப்பு மாடு ஒன்று வந்து முகர்ந்தது, நாக்கை நீட்டியது.

பின்னால் ஓடிவந்த ரெட்டோ கத்தினான். "கையை எடும்மா! ஐயே, அசிங்கம்!"

ரெகுலா அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மாடு விரலிடுக்குகளையும் நக்கியது.