பழைய சீரம்

இந்த முறையும் தட்டில் ஒன்றுமில்லை. சாயம் ஊற்றிக் கழுவினால் எலும்பு விளைந்த இடம் மட்டும் சிவப்பாக நிற்க வேண்டும். தட்டோ வெளுத்துக் கிடந்தது. எலிக்குஞ்சின் மண்டையோட்டிலிருந்து எடுத்த செல்களுக்கு மூன்று வாரம் தீனி கொடுத்து, சூடு குறையாமல் காத்தால் அவை தட்டிலேயே எலும்பு கட்டும். ஆய்வு மாணவி ஞானாம்பாளுக்கு ஒன்றரை வருடமாகக் கட்டிக்கொண்டுதான் இருந்தன. ஆடியோடு நின்றுவிட்டன. தை மாதம் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

தஞ்சாவூரில் அந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் செல்களுக்குத் தீனி மாற்றுகிறவர் கோவிந்தராசு. தற்காலிக வேலைதான்; ஆறு வருடமாகத் தற்காலிகம். அவரும் ஞானாம்பாளும் ஒரே ஊர். உச்சவரம்புச் சட்டத்தில் அவள் வீட்டு நிலம் போனபோது அதில் ஒரு ஏக்கர் கோவிந்தராசுவின் அப்பாவுக்குப் பட்டாவானது. இருபது வருடமாகியும் அவள் அப்பா நடராசனுக்கு அது ஆறவில்லை. தட்டில் எலும்பு கட்டவில்லை என்று கேட்டதும், "நிலத்த எடுத்தாச்சு. இப்ப உன் படிப்புல கை வைக்கிறானா?" என்றார். படித்த பெண், சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவள் சிரிக்கவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் டீப் ஃப்ரீசரின் அடியில் ஒரு பாட்டில் அவள் கையில் அகப்பட்டது. செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டியிருந்தது. கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுக்கிற சீரம். செல்களின் தீனியிலேயே விலை உசந்த சரக்கு. அது தீர்ந்துவிட்டதென்றுதான் ஆடியில் புதிது வரவழைத்திருந்தாள்.

"இது என்ன?"

"பழைய சீரமுங்க. கடைசி பாட்டிலு. வெதைக்குன்னு ஒதுக்கி வச்சேன்," என்றார் கோவிந்தராசு. "புது வெத வந்தாலும் பழசுல ஒரு மரக்கா கைவசம் வேணுமுல்லங்களா? நாளைக்கி வெளையலன்னா, எதுல கோளாறுன்னு பாக்கறதுக்கு..."

"திருடி ஒளிச்சு வச்சுட்டு கதையா சொல்றே நீ?"

மூன்று வருடமாக அவரை 'நீங்க' என்றுதான் அழைத்திருந்தாள். அந்த 'நீ' எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியும். அவள் வீட்டுக் களத்துமேட்டிலிருந்து வந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பெண்களுக்கும் சேர்த்துத்தான். அன்று மாலையே துறைத் தலைவர் நஃபீசாவிடம் திருட்டுப் புகாரைக் கைப்பட எழுதிக் கொடுத்தாள். துறையில் பன்னிரண்டு பேர் பார்த்திருக்க, அதை வாசித்துவிட்டு, கோவிந்தராசு இனி வரவேண்டாமென்று சொல்லப்பட்டது. அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார்.

பாட்டிலை வீணாக்க அவளுக்கு மனமில்லை. ஒரே ஈற்றில் பிறந்த எலிக்குஞ்சுகளின் செல்களை இரண்டாகப் பங்கிட்டு, பாதிக்குப் புது சீரமும் பாதிக்கு அந்தப் பழையதும் கொடுத்தாள். மற்றபடி அதே சூடு, அதே தட்டு, தொட்டதெல்லாம் அவள் கை மட்டும். மூன்று வாரம் கழித்துச் சாயம் ஊற்றினாள். புதியதில் ஒன்றுமில்லை. பழையதில் சிவப்பு, புள்ளி புள்ளியாக, தட்டு நிறைய.

கன்றுக்குக் கன்று ரத்தம் வேறு. ஒரு தடவை வந்த சீரத்தில் எலும்பு கட்டுகிற செல், அடுத்த தடவை வந்ததில் சும்மா இருந்துவிடும். இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவள்தான் ஞானாம்பாள். செல்லுக்கு என்ன கொடுத்தோம் என்று பார்க்காமல், கொடுத்தவர் யார் என்று பார்த்திருக்கிறாள்.

ஊருக்குப் போனாள். சம்பா நடவு நேரம். நாற்றங்காலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த கோவிந்தராசு வரப்பேறி வந்தார்.

"எலும்பு வந்துச்சுங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"வந்துடுச்சு. பழைய சீரத்துல மட்டும். தப்பு என்னுது. மன்னிச்சுக்குங்க."

"சந்தோசங்க." நிஜமாகவே அவர் முகம் மலர்ந்தது. பிறகு கைச்சேற்றை வழித்துக்கொண்டே, "வரப்புல வந்து சொல்றீங்க. அங்க சொல்லிட்டீங்களா?" என்றார்.

சொல்லவில்லை. நஃபீசாவிடம் தனியாகப் பேசி, காதும் காதும் வைத்தாற்போல் அவரைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

"பன்னெண்டு பேரு பாக்கத்தான திருடன்னீங்க. அவங்களுக்கெல்லாம் நான் இன்னமும் திருடந்தாங்க," என்றுவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

திங்கட்கிழமை துறைக் கூட்டத்தில் இரண்டு தட்டுகளையும் மேசையில் வைத்துவிட்டு ஞானாம்பாள் எழுந்து நின்றாள். "இந்த எலும்பு கோவிந்தராசு காப்பாத்தி வச்ச சீரத்துல வந்தது. அவர் எதையும் திருடல. விசாரிக்காம அவரத் திருடன்னு எழுதிக் கொடுத்தது நான்."

நஃபீசா சிவந்த தட்டை வெளிச்சத்தில் தூக்கி வெகுநேரம் பார்த்தார்.

"அவர் என்னைக்கு வர்றாராம்?"

வருகிறேன் என்று அவர் சொல்லவே இல்லை.