பண்ணை ஃபிரிட்ஜில் என் மருந்து

மாமா கொண்டுவந்த டப்பாவில் பத்து பிளாஸ்திரிகள் இருந்தன. ஊசியே வேண்டாம், தோல் வழியாகவே இன்சுலின் உடம்புக்குள் போய்விடும் என்று டப்பாவின் மேல் அச்சடித்திருந்தார்கள். போனில் விளம்பரம் பார்த்து வரவழைத்தாராம்.

"அடுத்த மாசம் மோகனூர்க்காரங்க பொண்ணு பாக்க வாராங்க மதுமதி. வயித்துல ஊசித் தழும்ப வெச்சுக்கிட்டு நிக்கப் போறியா?" என்றார்.

"வயித்தையா மாமா பாக்க வாராங்க?"

நான்தான் கேட்டேனா என்று எனக்கே நம்பிக்கையில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து நாளைக்கு நான்கு ஊசி. வகுப்பில் இரண்டு முறை மயங்கி விழுந்து, பத்தாவதோடு பள்ளியும் நின்றது. அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் நான் வாய் திறப்பதில்லை.

அப்பா எருமப்பட்டிப் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். அவருக்கு மாமா சொன்னது பிடித்துப்போனது.

"முப்பதாயிரம் கோழிக்குத் தண்ணியில கலந்தே மருந்து குடுக்கறோம். கண்ணுல ஒரு சொட்டு உட்டாலும் புடிக்குது. உனக்கு மட்டும் குத்தித்தான் ஆகோணுமா?"

"அது தடுப்பு மருந்துங்கப்பா. இது வேறைங்க."

"எல்லாம் மருந்துதான். ரெண்டு நாள் ஒட்டிப் பாரு."

அன்று சாயங்காலம் ஃபிரிட்ஜைத் திறந்தால் இன்சுலினைக் காணவில்லை. வேறு வழியில்லாமல் கையில் இரண்டு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். படுக்கும்போது மெஷினில் சர்க்கரை இருநூற்றுத் தொண்ணூறு. காலையில் நானூற்றுப் பன்னிரண்டு. நாக்கு வறண்டது. இரண்டு முறை வாந்தி.

அப்பா ஐந்து மணிக்கே பண்ணைக்குப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "கெட்டுப்போயிரக் கூடாதுன்னு, கோழி மருந்து வெக்கற ஃபிரிட்ஜுல வெச்சிருக்கறாரு. சாயந்தரம் வந்துருவாரு கண்ணு."

"சாயந்தரம் வரைக்கும் நான் இருக்கோணுமில்ல?"

ஊசியையும் மெஷினையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மினிபஸ் ஏறினேன். பண்ணை வாசலில் கிருமி போக வைத்திருந்த மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்துவிட்டு நேரே ஸ்டோர் ரூமுக்குப் போனேன். அப்பா முட்டை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"இங்க எதுக்கு வந்த? வெளியாளு உள்ள வரக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

ஃபிரிட்ஜைத் திறந்தேன். கோழி மருந்துக் குப்பிகளுக்கு நடுவே என் பெயர் எழுதிய குப்பி இருந்தது.

"அந்தப் பக்கம் போயிப் போட்டுக்க. ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டுங்கப்பா. நீங்களும் பாருங்க."

டாக்டர் சொல்லிக்கொடுத்த அளவை உறிஞ்சி எடுத்து, சட்டையைக் கொஞ்சம் தூக்கி, வயிற்றில் குத்தினேன். முட்டை பொறுக்கும் ராமாத்தாள் வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏனுங்க சூப்பர்வைசரே, குத்திக்கற புள்ள நேரா நிக்குது. நீங்க எதுக்குக் கண்ண மூடறீங்க?"

அப்பா கண்ணைத் திறந்தார். மெஷினில் இருந்த காலைக் கணக்கை அவர் முன் நீட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு. மெஷினை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை பார்த்தார்.

"இந்த ஒரு ஊசி போதாதுங்கப்பா. வாந்தி நிக்கல. பைக்க எடுங்க, நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

அவர் சாவியைத் தேடி எடுத்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "குப்பியக் குடு சாமி. நான் பத்திரமா வெச்சுக்கறேன்."

"வேண்டாங்க. இனிமே இது என்கிட்டத்தான் இருக்கும்" என்று சொல்லிப் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.