வாடாமல்லிக்கு என்ன விதி

எங்கள் ஊர் நாற்சந்தியில் சிக்னல் கம்பம் கிடையாது. பெண்களின் சேலை நிறத்தைப் பார்த்துத்தான் வண்டிகள் நிற்கும், போகும். சிவப்பு வந்தால் நிற்க வேண்டும். மஞ்சளுக்கு வேகம் குறையும். நீலம் தாண்டும்போது ஹாரன் அடிக்கக் கூடாது. ரோஸுக்கு ஆட்டோ நிற்கும், பஸ் நிற்காது. அதனால் ரோஸ் உடுத்தியவர்கள் ஆட்டோவை ஒட்டியே தாண்டுவார்கள். பச்சை உடுத்தினால் ஓரமாக நின்று எல்லாரையும் அனுப்பிவைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எந்த வீட்டிலிருந்தாவது ஒரு பச்சைச் சேலை வெளியே வந்து நிற்கும்.

ஆண்களுக்கு நிறம் கிடையாது. சிவப்பு வரும்வரை காத்திருந்து பின்னாலேயே போவோம். என் கல்யாணத்துக்கே நான் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். முன்னால் போனது கீரை விற்கிற அம்மா ஒருவர். தலையில் கூடை. அந்த முதுகு நேராக இருந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நான் ஏழாம் நம்பர் டவுன் பஸ் ஓட்டுகிறேன். சாம்பல் நிற பஸ். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் ஒன்று தெரியும். அரக்குச் சிவப்புச் சேலைக்காரி கையைக்கூடக் காட்ட மாட்டாள். அவள் பார்வை எதிர்ப் பக்கத்தில் இருக்கும். என் காலைக் கேட்காமலே பிரேக் பிடித்துக்கொள்ளும்.

சாம்பல் சேலைக்கு மட்டும் விதி இல்லை. வண்டிகளுக்கு அது தெரியவே தெரியாது. ஜெபராணி சாம்பல்தான் உடுத்துவாள்.

சந்தியின் மூலையில் ரஹ்மத் அக்காவின் மேட்சிங் சென்டர். ஜெபராணி அங்கே ஜாக்கெட் தைக்கிறாள், சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறாள். சிறுமியாக இருந்தபோது ஜவுளிக்கடையில் வைத்து அவளுடைய அத்தை சொன்னாளாம்: "இவ நிறத்துக்குப் பளிச்சுனு எடுத்தா காக்காய்க்கு ரிப்பன் கட்டுன மாதிரி இருக்கும். சாம்பலே எடுங்க. அழுக்கும் தாங்கும்." அதன்பிறகு அவள் வேறு நிறம் எடுக்கவில்லை. அவள் ஃபால்ஸ் அடித்த சிவப்புகள் என் பஸ்ஸை எத்தனையோ முறை நிறுத்தியிருக்கின்றன. அவள் எதிர்ப் பக்கத்தை மிதித்ததே இல்லை.

எதிர்ப் பக்கத்தில் அவளுக்கு ஒரு கடை இருந்தது. ஆள் விட்டு வாடகைக்குப் பிடித்த கடை. 'ஜெபா டெய்லர்ஸ்' என்று போர்டும் மாட்டியாயிற்று. சாவி இடுப்பில் தொங்கியது. கட்டடக்காரர் சொல்லி அனுப்பிவிட்டார்: வெள்ளிக்கிழமை திறக்காவிட்டால் செல்போன் கடைக்குக் கொடுத்துவிடுவேன்.

"நான் சிவப்புத்தானட்டி. என் முந்தானையப் பிடிச்சிக்கிட்டு வந்துரு" என்றார் ரஹ்மத் அக்கா.

"ஒரு டீ குடிச்சிட்டு வரணும்னாலும் முந்தானை தேடணுமாக்கா?" என்றாள் ஜெபராணி.

மேட்சிங் சென்டரில் யாரும் கடைக்குள் வைத்து நிறம் பார்ப்பதில்லை. டியூப் லைட்டில் ஒன்று, வெயிலில் ஒன்று. வாசலுக்குக் கொண்டுவந்து விரித்துப் பார்ப்பார்கள். சிவப்பு ஜாக்கெட் பிட்டை விரித்தால் நாங்கள் நிற்போம், மடித்தால் கிளம்புவோம். வியாழக்கிழமை அப்படி நின்றிருந்தபோதுதான் ஜெபராணி ஒரு சேலையைக் கொண்டுவந்து வெயிலில் விரித்தாள். வாடாமல்லி நிறம். நின்ற வண்டிகள் ஒருமுறை குலுங்கி அடங்கின.

"யாருக்குட்டி இது?"

"எனக்குத்தான். மேட்ச்சா ஒரு ஜாக்கெட் பிட் குடுங்கக்கா."

"கண்ணாடியப் பாத்தியா?"

"பாத்தேன். அதுதான் கேட்டுச்சு."

ரஹ்மத் அக்கா ஒரு பிட்டைச் சேலைமேல் போட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "வெளுப்பு" என்று தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்தார்.

பக்கத்து ஆட்டோக்காரன் தலையை நீட்டினான். "அண்ணாச்சி, இதுக்கு நிக்கணுமா, போகணுமா?"

எனக்கும் தெரியவில்லை. எங்கள் சந்திக்கு வாடாமல்லி வந்ததே இல்லை. அதற்கு ஒரு முறை இருக்கிறது: ஒரு நிறத்தை முதலில் உடுத்தி வருகிறவள் என்ன சொல்கிறாளோ அதுதான் விதி. நீலத்துக்கு ஹாரன் கூடாது என்று சொன்னவளுக்கு அன்றைக்குத் தலைவலி என்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்தாள். எப்போதும் சுவரை உரசிக்கொண்டு நடக்கிறவள், நடைபாதையின் நடுவில் வந்தாள். அந்தக் கறுப்பில் அந்த நிறம் ஏறி உட்கார்ந்திருந்தது, வெகுநாளாக இடம் தேடி அலைந்து கண்டுபிடித்ததுபோல. நான் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஓரக்கல்லில் வந்து நின்றாள். நான்கு பக்கமும் வண்டிகள் நின்றன, விதியைக் கேட்பதற்காக.

"சொல்லுத்தா. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

அவள் கை சாவியைத் தொட்டது. நிற்கச் சொல்வாள் என்றுதான் நினைத்தோம்.

"நிக்க வேண்டாம் அண்ணாச்சி. நின்னா, நான் போனதும் மறந்துருவீங்க. எம்பின்னால வாங்க."

அதுவே விதியாயிற்று. அவள் இறங்கி நடந்தாள். பஸ்ஸைத் திருப்பினேன். ஆட்டோக்கள் திரும்பின, செங்கல் லாரி திரும்பியது, சிவப்புக்காகக் காத்திருந்த ஆண்களும் சேர்ந்துகொண்டு நடந்தார்கள். மேட்சிங் சென்டர் வாசலிலிருந்து ரஹ்மத் அக்கா கத்தினார்: "சேலையத் தூக்கிப் பிடிட்டி, சகதி!" அவள் தூக்கவில்லை. சகதி விலகிக் கிடந்தது.

செல்போன் கடைக்காரன் போர்டைக் கழற்ற ஏணியோடு வந்திருந்தான். பின்னால் வந்த வண்டிகளைப் பார்த்தான். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வரிசையில் நின்றுகொண்டான்.

ஷட்டரைத் தூக்கி உள்ளே போன ஜெபராணி, கழுத்தில் டேப்போடு வெளியே வந்து என் பஸ்ஸை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுக்குச் சாம்பல் எடுப்பாவே இல்லையே. யார் எடுத்துக் குடுத்தது?"

"டிப்போவுல குடுத்தாங்க."

"குடுப்பாங்க" என்று சொல்லி, முன்கண்ணாடிக்கு மேலே டேப்பை வைத்தாள். "கழுத்து ஏத்தமா, இறக்கமா?"

பயணிகளைக் கேட்டேன். ஏற்றம் என்றார்கள்.

"கை?"

"முட்டி வரைக்கும் இருக்கட்டும்" என்றேன்.

டேப்பைச் சுற்றி எடுத்துவந்து முன்பக்கம் சேர்த்துப் பிடித்தவள், பஸ்ஸின் விலாவில் லேசாகத் தட்டினாள். "மூச்சைப் பிடிக்காத. எப்பவும்போல நில்லு."

பஸ் புஸ்ஸென்று மூச்சை விட்டது. அவள் அளவைக் குறித்துக்கொண்டாள்.