பின்சீட் இல்லாத வண்டி

லட்லோ ஊருக்கு வெளியே ஒரு பல் டாக்டர் வீட்டு வாசலில் வண்டியைப் பார்த்தவுடன், வாங்கினால் இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். சாம்பல் நிற ஸ்பீட்ஸ்டர், இரண்டே சீட் உள்ள பழைய மாடல் ஸ்போர்ட்ஸ் கார். பழைய பீட்டில் காரின் அடித்தளத்தில் ஃபைபர் உடம்பைப் பொருத்திச் செய்த நகல். எங்களை உள்ளே வரச் சொல்வதற்கு முன்பே, இது நகல்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வண்டிக்காரர்களிடையே அதுதான் மரியாதை. அசலா என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்கும்படி விற்கிறவர் வைத்துக்கொள்ளவும் கூடாது. பிறகு சாவியை என்னைத் தாண்டி என் கணவன் மெர்வினிடம் நீட்டினார். மெர்வின் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து எங்கே போனாலும் ஓட்டியது மெர்வின்தான். இப்போது அவனுக்கு க்ளாக்கோமா என்ற கண்நோய். நேரே இருப்பது தெரியும், ஓரங்களும் காலடியும் தெரியாது. போன வசந்தத்தில் லைசென்ஸைத் தானே தபாலில் திருப்பி அனுப்பினான். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அன்றிலிருந்து எங்கள் காரில் பின்சீட்டில்தான் உட்காருகிறான். முன்னால் வா என்றால், காலை நீட்ட அங்கே இடமில்லை என்பான். கண்ணாடியில் அவன் நெற்றி மட்டும் தெரியும். முட்டை வாங்கப் போனாலும் வாடகைக் கார் ஓட்டுகிறவளைப் போல முன்னால் நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். சண்டை போட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். எனக்கு அவன் பக்கத்தில் வேண்டும், அவ்வளவுதான். அதனால் பின்சீட்டே இல்லாத வண்டி ஒன்றை வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன். உனக்கு மூளை குழம்பிவிட்டது என்றாள் என் தங்கை. என் வாழ்நாளில் நான் இவ்வளவு தெளிவாக இருந்ததே இல்லை.

ஸ்பீட்ஸ்டர் சமர்த்தாக ஓடியது. கிளட்ச் வெண்ணெய். மெர்வின் முழங்கால்களில் கைவைத்து, டாக்டரிடம் பல்லைக் காட்ட வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு வளைவிலும் அவன் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. எப்படி என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றான். எங்கள் வீட்டில் நன்றாக இருக்கிறது என்றால் உப்பு இல்லை என்று அர்த்தம்.

கோப்ரா என்ற இன்னொரு இரண்டு சீட் வண்டியைப் பார்க்கப் போனது ஒப்புக்குத்தான். வருகிறோம் என்று சொல்லியாகிவிட்டது, போகாமல் இருந்தால் நன்றாக இராது. கிங்டன் ஊரைத் தாண்டி ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் ப்ரோபர்ட் என்பவர், கொட்டகையிலிருந்து அதை வெளியே எடுத்தபோது ஆடுகள் வேலியின் அந்தக் கோடிக்கு ஓடின. நீல நிறம், பெரிய அமெரிக்க எஞ்சின், இரண்டு கதவுகளுக்கும் கீழே வெளிப்பக்கமாக ஓடும் புகைக்குழாய்கள். இதுவும் நகல்தான், தானே மூன்று குளிர்காலம் உட்கார்ந்து சேர்த்தது என்றார். பிறகு பேன்ட்டைச் சுருட்டிக் கெண்டைக்காலில் புகைக்குழாய் சுட்ட தழும்பைக் காட்டினார்.

"இறங்கும்போது பாத்து இறங்குங்க. இந்த வண்டி வச்சிருக்கிற அத்தனை பேர் கால்லயும் இதே இடத்துல இந்தத் தழும்பு இருக்கும்."

அவரும் சாவியை மெர்வினிடம்தான் நீட்டினார்.

"ஓட்டறது மகாராணிதான். நான் வெறும் மூட்டை," என்றான் மெர்வின்.

கிளட்சை மிதிக்க என் முழு எடையும் தேவைப்பட்டது. பண்ணை வாசலிலேயே இரண்டு முறை வண்டி அணைந்தது. மேட்டில் ஏறும்போது எஞ்சின் அலறியது.

"இன்னும் ரெண்டாவது கியர்லயே இருக்க கிளெனிஸ், மாத்து," என்று பக்கத்திலிருந்து கத்தினான்.

"ஓட்டறது நீயா நானா?"

"நீதான் ஓட்டற. எனக்குக் காது கேக்குதுல்ல?"

மாற்றினேன். வண்டி மேட்டின் உச்சிக்குத் தாவியது. அதன்பிறகு ஒவ்வொரு கியருக்கும் அவன் சத்தம் கொடுத்தான், நான் திட்டினேன். அவன் வலது கால் எதையும் மிதிக்கவில்லை. வசந்தத்துக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். நல்லவேளை, அந்த இரைச்சலில் பேச வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்து நிறுத்தியதும், அந்தக் குஷியில் கதவைத் திறந்து சிறுபிள்ளை மாதிரி குதித்து இறங்கினான். கால் புகைக்குழாயில் பட்டு, கம்பளித் துணி கருகும் வாசனை வந்தது. ப்ரோபர்ட் பதறவே இல்லை. குழாய்த் தண்ணீரைக் காலில் விட்டபடி, இனிமேல் நீங்கள் எங்கள் ஆள் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"இது வேண்டாம். சாம்பல் வண்டிதான், முடிஞ்சுபோச்சு," என்றேன். "உன் காலடி உனக்குத் தெரியல, மெர்வின்."

இத்தனை மாதமாக நாங்கள் இருவரும் வாய்திறந்து சொல்லாத ஒன்றை, ஓர் அந்நியர் முன்னால் சொல்லிவிட்டேன். ப்ரோபர்ட் தண்ணீரை நிறுத்தினார். தேநீர் போடுகிறேன் என்று வீட்டுக்குள் போய்விட்டார்.

மெர்வின் குனிந்து காலைத் தடவிப் பார்த்தான். பிறகு, "தெரியலதான்," என்றான். "நீ சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

"நீயா கேப்ப?"

"நான்தான்."

ஒரு காலின் பேன்ட்டைச் சுருட்டி விட்டபடி, காலுறையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, மறுபடி ஏறுவதற்காக நீல வண்டியின் இடப்பக்கத்துக்குப் போனான். புகைக்குழாய்க்கு ஓரடி தள்ளி நின்றான். கதவைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பாமலே இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, நான் வந்து பிடிப்பதற்காக உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.