பேர் சொல்லாத சாமை

பேராசிரியர் தீர்த்தகிரியின் இடது காதில் சாமை முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று தொப்பூர் கணவாயில் வெங்காய லாரி கவிழ்ந்திருந்ததால் தர்மபுரியில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

அவருடைய ஆராய்ச்சி மாணவி அஃப்சானாவுக்கு மட்டும் வயிறு குளிர்ந்தது. சித்தேரி மலையில் வீடு வீடாக ஏறி இறங்கி, எந்தச் சாமை எந்த மண்ணில் விளையும், எது வறட்சி தாங்கும் என்று தரவு சேர்த்தவள் அவள். அங்கே சாமை பயிரிடும் முனியாயி விதையைக் கையில் கொட்டும்போதே சொல்லியிருந்தாள்: "வெதைக்கிறப்ப குடுத்தவங்க பேரச் சொல்லணும் கண்ணு. சொல்லாட்டி நெலத்துல மொளைக்காது, எடுத்தவன் மேலதான் மொளைக்கும்." மலையில் அதுதான் வழக்கம். அஃப்சானாவும் ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் கொடுத்தவர் பெயரை எழுதினாள். எல்லாவற்றையும் துறைக் கணினியில்தான் வைக்கவேண்டும் என்றார் தீர்த்தகிரி. கடவுச்சொல் அவரிடம். நம்பி வைத்தாள், பாவி மகள்; கைப்பிரதி ஒன்று மட்டும் வீட்டுப் பெட்டியில் கிடந்தது. மறு வருடமே பெயர்களை வழித்தெறிந்துவிட்டு, தன் பேரில் கட்டுரை போட்டு, மாலையும் வாங்கிக்கொண்டார் அந்த மகானுபாவர்.

காதுக்குப் பிறகு புருவம், பிறகு உச்சந்தலை. மழித்தால் மறுநாள் அடர்த்தியாக வந்தது. குருவிகள் வகுப்பறைவரை பின்தொடர்ந்தன. கடைசியில் அதியமான்கோட்டையில் அஃப்சானா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உம் பேரையும் சேர்த்துடறேம்மா. உங்கிட்ட இருக்கிற பிரதியக் குடுத்துடு, மத்த பேருங்கள நான் தனியா வாசிச்சு உதித்துக்கறேன், நமக்குள்ள இருக்கட்டும்."

"எம் பேரு கெடக்கட்டுங்க சார். முனியாயி பேரு?"

"மலைக்காட்டுப் பொம்பளைக்கு எதுக்கும்மா பேரு?"

பிரதியைப் பூட்டி வைத்தால் பெயர் தெரியாமல் அந்த ஆள் சாகும்வரை வயலாகவே கிடப்பான். அந்த நினைப்பு அவளுக்கு வெல்லமாய் இனித்தது. ஆனால் முனியாயி பெயரும் சேர்ந்தல்லவா பூட்டிக்கிடக்கும்? மலைக்குப் போய் எல்லோரிடமும் சம்மதம் கேட்டு, உலகத்தில் யாரும் திறந்து பார்க்கும் பொதுத் தரவுக் களஞ்சியத்தில் பெயர்களோடு ஏற்றினாள். யாரும் எடுக்கலாம், கொடுத்தவர் பெயரைச் சொல்லவேண்டும்.

தீர்த்தகிரியும் எடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கொத்து உதிர்ந்தது. முனியாயி பெயரில் மட்டும் நாக்கு வளையவில்லை. அத்தனை வீம்பு! அவள் சாமை மட்டும் தலையிலேயே நின்றுவிட்டது.

இப்போது வருடாவருடம் முனியாயி அரிவாளோடு பேருந்தில் வந்து இறங்குகிறாள். அவர் குனிந்து கொடுக்கிறார், அவள் அறுக்கிறாள். அஃப்சானா விளைச்சலை எடைபோட்டு அதே களஞ்சியத்தில் சேர்க்கிறாள். விதை: முனியாயி. நிலம்: தீர்த்தகிரி.