சரிவில் ஓடிய நான்கரை விநாடி

ஆர்வில் புரூஸ்கிக்குக் கணினி பிடிக்காது, பயிற்சியாளர்களைப் பிடிக்காது, ஆட்டக்காரர்களின் தரகர்களைக் கண்டாலே ஆகாது. அவர் நம்பியதெல்லாம் தன் கட்டைவிரலையும் அதற்குக் கீழிருந்த ஸ்டாப்வாட்ச்சையும்தான். டோலிடோ மியூல்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்காக முப்பத்தோரு வருடம் கல்லூரி கல்லூரியாகப் போய் ஆள் பார்த்தவர்.

இந்த வருட ஆளெடுப்பின் கடைசிச் சுற்றில் ஒரு பையனுக்காக மேசையைக் குத்தினார். எஸ்ரா டாலிவர், பேர் தெரியாத கல்லூரி, எதிரணி எறியும் பந்தைத் தட்டிவிடும் தடுப்பாட்டக்காரன். நாற்பது கெஜத்தை நான்கரை விநாடியில் ஓடினான் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கல்லூரிக்கு வேறு எவனும் போகாததால் மறுத்துப் பேச ஆளில்லை. "இவன் தேறலைன்னா நான் வீட்டுக்குப் போறேன்" என்று வாயையும் விட்டார். பொது மேலாளர் ஹால்டேன் அதைத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டான்.

மே மாதம் புதுமுகங்களுக்கு மூன்று நாள் முகாம். யாரும் யார்மேலும் மோதக் கூடாது. தண்ணீர் இல்லாமல் நீச்சல் பார்ப்பது மாதிரி இருந்தது ஆர்விலுக்கு. ஒவ்வொருவன் சட்டைக்குள்ளும் வேகத்தை அளக்கும் சில்லு வேறு.

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டில் ஹால்டேன் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தான்.

"பெருசு, உங்க நான்கரை விநாடிப் புலி அஞ்சு விநாடி எடுத்துக்குது. கூட்டத்துலயே கடைசி. எங்கம்மா இதைவிட வேகமா நடப்பாங்க."

"சில்லு பொய் சொல்லுது."

"மத்த சில்லெல்லாம் உண்மை, அது மட்டும் பொய்யா?"

ஆர்வில் நேராகப் பையனிடம் போனார். "அன்னைக்கு எப்படிடா ஓடினே?"

"மேலேர்ந்து கீழே சார். மழைத் தண்ணி வடியணும்னு எங்க மைதானமே சரிவு. நீங்கதான் வேன் பக்கத்துல நின்னுக்கிட்டு, இப்படி ஓடி வான்னீங்க."

முழங்கால் வலி. மேட்டில் ஏறச் சோம்பல். ஆர்விலுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

"ஏண்டா சொல்லலை?"

"நீங்க கேக்கலையே சார்."

பையனுக்கு எடை போட்டுவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். பாதி சாண்ட்விச் தீரும்வரை அதை யோசித்தார். மீதியைக் குப்பையில் போட்டுவிட்டு ஹால்டேனிடம் திரும்பினார்.

"தப்பு என்னுது. சரிவுல ஓடவிட்டு அளந்துட்டேன். நான் போறேன். என் முட்டாள்தனத்துக்கு அவனை அணியிலேர்ந்து வெட்டாதே."

"அப்போ எதை வெச்சு அவனை எடை போட?"

"உன் பெட்டியிலயே பாரு. ரெண்டு நாள்ல மொத்தம் எவ்வளவு தூரம் ஓடினான்?"

ஹால்டேன் தட்டினான். "எல்லாரையும்விடக் குறைவு. சோம்பேறி வேறயா!"

"எத்தனை பந்தைத் தட்டிவிட்டான்?"

விரல் நின்றது. "ஏழு."

"அடுத்தவன்?"

"மூணு."

"பந்து எங்க வரும்னு தெரிஞ்சவன் எதுக்குய்யா ஓடணும்?"

ஹால்டேன் மடிக்கணினியை மூடினான். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒட்டிய, அணியில் நீடிப்பவர்களின் பட்டியலில் டாலிவர் பெயர் இருந்தது.

திங்கட்கிழமை வேலைநீக்கக் கடிதத்தை எதிர்பார்த்து வந்த ஆர்விலின் மேசைமேல் ஒரு புது ரசமட்டம் கிடந்தது. கூடவே ஒரு சீட்டு: 'எந்த மைதானமானாலும் முதலில் இதை வையுங்கள். ஹால்டேன்.'

மேசையிலேயே வைத்துப் பார்த்தார். குமிழி ஒரு பக்கமாக ஓடியது.

"இதுவும் பொய்தான்" என்று முனகிக்கொண்டு அடுத்த மேசையில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. திரும்பி வந்து, டாலிவரைப் பற்றிய தன் பழைய அறிக்கையை நாலாக மடித்து, மேசைக்காலுக்கு அடியில் சொருகினார்.